பூட்டில்லாத வீட்டுக்குப் புதுமனை புகுவிழா

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு மாணவர்கள் கேட்டு வந்தபோது, "செயற்கை நுண்ணறிவு பற்றி எழுதுங்கள் சார், எல்லோரும் படிப்பார்கள்" என்று தலைப்பையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது, கடந்த ஜூன் மாதம் நம் கணிப்பொறித் துறையின் மூலை அறையில் வந்து இறங்கிய ஓர் அட்டைப் பெட்டியைப் பற்றி. அதற்குள் இருந்தது ஒரு புதிய சர்வர். பாடநூல்கள் அதனை வழங்கி என்கின்றன. பேச்சில் யாரும் அப்படிச் சொல்லக் கேட்டதில்லையாதலால் நானும் சர்வர் என்றே எழுதுகிறேன்.

பெட்டி வந்த மறுநாளிலிருந்து என்னைக் கண்டவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எப்போது சார் ஓடத் தொடங்கும்?" பத்து நாள் ஆகும் என்றேன். "பத்து நாளா? வயரைச் செருகினால் ஓடாதா?" என்று அலுவலகக் கண்காணிப்பாளர் வியந்தார். ஓடும். செருகிய மாத்திரத்தில் ஓடும். அதுதான் தொல்லையே.

புதிய சர்வரின் இயங்குதளத்தை ஆயத்தம் செய்து, காவல் அமைத்து, சரிபார்த்து முடிக்கும் வரை அதனை இணையத்தோடு இணைக்கக் கூடாது. முதல்வர் கேட்டாலும் கூடாது, திறந்து வைக்க அமைச்சரே வருவதாக இருந்தாலும் கூடாது. இதுவே என் கருத்து. இதனைச் சற்று அழுத்தமாகவே சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. அதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் எழுதத்தான் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு கல்லூரியில் பணியாற்றினேன். அங்கும் இதுபோல ஒரு சர்வர் வந்தது. மாணவர்களின் உள்மதிப்பெண்களையும் வருகைப் பதிவையும் அதில் வைப்பதென்று முடிவாயிற்று. திங்கட்கிழமை திறப்பு விழா, மேடைக்குப் பந்தல்கூடப் போட்டாயிற்று. சனிக்கிழமை மாலை நான் அவசர அவசரமாக லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினேன். மாணவர் ஒருவர் நிரலைச் சோதித்துப் பார்ப்பதற்காக 'டெஸ்ட்' என்று ஒரு கணக்கைத் தொடங்கி, அதற்கு 'டெஸ்ட்123' என்று கடவுச்சொல்லும் கொடுத்தேன். விழா முடிந்தபின் நீக்கிவிடலாம் என்பது எண்ணம். விழா சிறப்பாகவே நடந்தது. சிறப்பு விருந்தினர் பொத்தானை அழுத்தினார், கைதட்டினோம். அந்தக் கணக்கை மட்டும் நான் மறந்துபோனேன்.

வியாழக்கிழமை ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது சர்வரின் மின்விசிறி, மாவு மில்லைப் போல இரைந்துகொண்டிருந்தது. உள்ளே பார்த்தால் நான் நிறுவாத ஏதோ ஒரு நிரல் செயலகத்தின் முழு ஆற்றலையும் விழுங்கிக்கொண்டிருக்கிறது. எங்கோ இருக்கும் ஒருவர் எங்கள் கல்லூரி மின்சாரத்தில் தமக்கு மறைநாணயம் தோண்டிக்கொண்டிருந்தார். பதிவேட்டைப் புரட்டினேன். சர்வரை இணைத்த அரைமணி நேரத்துக்குள்ளாகவே வாசற்கதவைத் தட்டத் தொடங்கியிருக்கிறார்கள். 'ரூட்' என்று தட்டியிருக்கிறார்கள், 'அட்மின்' என்று தட்டியிருக்கிறார்கள், ஆரக்கிள், கெஸ்ட் என்று என்னென்னவோ பெயர்கள். புதன்கிழமை விடியற்காலையில் 'டெஸ்ட்' என்றதும் கதவு திறந்துகொண்டது.

நாணயம் தோண்டியவர் மதிப்பெண்களைத் தொட்டாரா? தொட்டதற்குச் சான்று ஏதும் இல்லை. தொடவில்லை என்பதற்கும் சான்று இல்லை. மாணவ நண்பர்கள் இந்த இடத்தைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். மதிப்பெண்கள் அனைத்தும் வட்டில் அப்படியே இருந்தன. ஆனால் அவை ஆசிரியர்கள் பதிந்த மதிப்பெண்களே என்று கையொப்பமிட எங்களில் ஒருவராலும் முடியவில்லை. வட்டை முழுவதும் அழித்தோம். ஆசிரியர்களின் கைக்குறிப்பேடுகளிலிருந்து எல்லாவற்றையும் மறுபடியும் ஏற்றினோம். ஓர் ஆசிரியர் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார், அவருடைய குறிப்பேடு கிடைக்கவில்லை. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, முன்பே எழுதி நல்ல மதிப்பெண் பெற்ற தேர்வை மறுபடி எழுத நேர்ந்தது. "நான் என்ன சார் தப்புச் செய்தேன்?" என்று அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் தெரியாததால் அல்ல.

"நம் கல்லூரியை யார் சார் தாக்கப் போகிறார்கள்? இங்கே என்ன ராணுவ ரகசியமா இருக்கிறது?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியில் ஓர் அடிப்படைப் பிழை இருக்கிறது. தாக்குகிறவர் நம்மைத் தேர்ந்தெடுத்துத் தாக்குவதாக நினைக்கிறோம். அவருக்கு நம் கல்லூரியின் பெயரே தெரியாது. இணையத்தின் பழைய முறை முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013 ஆம் ஆண்டு 'இஸட்மேப்' என்றொரு நிரலை வெளியிட்டார்கள். நல்ல வேகமுள்ள ஓர் இணைப்பும் ஒரே ஒரு கணிப்பொறியும் இருந்தால், இந்த 430 கோடி முகவரிகளையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்று மெய்ப்பித்துக் காட்டினார்கள். அவர்கள் ஆய்வுக்காகச் செய்தார்கள். அதே வேலையை மற்றவர்கள் வேறு நோக்கத்துக்காக இரவு பகலாகச் செய்கிறார்கள். தெருவில் உள்ள எல்லா வீட்டுக் கதவையும் ஒருவன் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகிறான் என்றால், என் வீடு சிறிய வீடு என்பது காவலாகுமா? 2016 இல் 'மிராய்' என்ற தீநிரல் இணையக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பெருங்கூட்டமாகப் பிடித்ததே, அதனிடம் இருந்த ஆயுதம் என்ன? தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்கள் அறுபது சொச்சம் கொண்ட ஒரு பட்டியல், அவ்வளவுதான்.

இது புதிய கதையும் அன்று. 1979 இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் என்னும் இருவர் கடவுச்சொற்களைப் பற்றி ஓர் ஆய்வுரை எழுதினார்கள். அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 86 விழுக்காடு, மிகக் குறுகியவையாகவோ அகராதிச் சொற்களாகவோ இருந்து எளிதில் பிடிபட்டன. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1988 நவம்பர் 2 அன்று, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் விட்ட 'புழு' நிரல் அன்றைய இணையத்தில் ஏறத்தாழ 6,000 கணிப்பொறிகளைச் செயலிழக்கச் செய்ததாகக் கணக்கிட்டார்கள். எளிய கடவுச்சொற்களை ஊகிப்பதும், யாரும் கவனியாமல் திறந்து கிடந்த அஞ்சல் நிரலின் சோதனை வாசலில் நுழைவதும் அதன் வழிகளில் சில. அந்த மாணவரின் பெயரும் ராபர்ட் மோரிஸ்தான். ஆய்வுரை எழுதியவரின் மகன்! தந்தை எச்சரித்ததையே மகன் நடத்திக் காட்டினார். அதற்காக 1990 இல் அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணி நேரச் சமூகப் பணியும் 10,050 டாலர் அபராதமும் விதித்தார்கள். அந்தச் சோதனை வாசல் யாரோ பரிசோதனைக்கு வைத்து மூட மறந்தது என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் 'டெஸ்ட்' கணக்கு நினைவுக்கு வரும்.

சரி, அந்தப் பத்து நாளில் என்னதான் செய்கிறேன்?

நம் ஊரில் ஒருவர் வீடு கட்டினால், கொத்தனார், தச்சர், பெயிண்டர் என்று எல்லோரிடமும் ஒவ்வொரு சாவி இருக்கும். பால் காய்ச்சிக் குடிபோகும் முன் பூட்டை மாற்றாதவர் உண்டா? சர்வரிலும் முதல் வேலை அதுவே. இதில் பலரும் அறியாத ஒன்று உண்டு. பெரும்பாலான சர்வர்களுக்குள் இன்னொரு குட்டிக் கணிப்பொறி குடியிருக்கிறது. அதற்குத் தனி வலைத் துளை, தனிக் கடவுச்சொல். சர்வர் அணைந்திருக்கும்போதும் அது விழித்திருக்கும். தொலைவிலிருந்து சர்வரை ஏற்றவும் அணைக்கவும் புதிய இயங்குதளத்தை நிறுவவும் அதனால் முடியும். பழைய வகைகள் பலவற்றில் அதன் கடவுச்சொல் கையேட்டிலேயே அச்சிட்டிருக்கும், எந்த ஊரில் வாங்கினாலும் அதே சொல். மேலே இயங்குதளத்துக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும் இந்தக் கொல்லைக் கதவு திறந்திருந்தால் என்ன பயன்? ஆகவே முதல் நாள் அதன் கடவுச்சொல்லை மாற்றி, அதன் வயரை ஆய்வகத்தின் தனி வலையில் மட்டும் செருகினேன்.

அடுத்து இயங்குதளம். இறக்கிய கோப்பு, வெளியிட்டவர்கள் தந்த கோப்புதானா என்பதை அதன் சரிபார்ப்பு எண்ணையும் கையொப்பத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நிறுவ வேண்டும். இரண்டு நிமிட வேலை. நூற்றில் ஒருவர்கூடச் செய்வதில்லை என்பது என் ஐயம். பிறகு, எத்தனை ஆண்டு அதற்குத் திருத்தங்கள் வரும் என்று பார்க்க வேண்டும். சென்டாஸ் 7 பதிப்புக்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்றோடு முடிந்துவிட்டது. பழகிய கை என்பதற்காக அதையே இன்னமும் புதிய இயந்திரத்தில் நிறுவுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். காலாவதியான மருந்தைப் புதுப் புட்டியில் ஊற்றுகிற வேலை இது.

நிறுவும்போது குறைவாக நிறுவ வேண்டும். மதிப்பெண் வைக்கும் சர்வருக்கு அச்சுப்பொறிச் சேவை எதற்கு? திரைப்படம் ஓட்டும் நிரல் எதற்கு? இருந்துவிட்டுப் போகட்டுமே என்பார்கள். ஒவ்வொரு சேவையும் ஒரு சன்னல். சன்னல் அதிகமானால் காற்று வரும், திருடனும் வருவான். நிறுவி முடித்ததும் எந்தெந்தத் துளைகளில் சர்வர் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றின் எதிரிலும் "இது ஏன்?" என்று எழுதி, பதில் இல்லாததை மூடினேன். மூன்று மிஞ்சின. அவற்றுள் தரவுத்தளம், வெளியுலகத்துக்கு முகம் காட்டாமல் அந்த இயந்திரத்துக்குள்ளேயே பேசும்படி கட்டப்பட்டது. 2017 தொடக்கத்தில் உலகெங்கும் பல்லாயிரம் மாங்கோடிபி தரவுத்தளங்களை அழித்துவிட்டுப் பணம் கேட்டார்களே, அவையெல்லாம் கடவுச்சொல்கூட இன்றி இணையத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவைதாம்.

திருத்தங்களை ஏற்றுவது அடுத்த வேலை. ஆய்வகத்துத் தீச்சுவருக்குப் பின்னால், வெளியிலிருந்து யாரும் எட்ட முடியாத இடத்தில் வைத்து ஏற்ற வேண்டும். 2017 மே மாதம் 'வானாக்ரை' என்னும் பணயத் தீநிரல் இங்கிலாந்தின் மருத்துவமனைகளை முடக்கியது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இடையில் இருந்தது இரண்டு மாதம். மருந்து கையில் இருந்தும் பூசாத இரண்டு மாதம்!

பிறகு வருகிறது உள்ளே நுழையும் வழி. எஸ்.எஸ்.எச். என்பது 1995 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தத்து ய்லோனென் உருவாக்கிய முறை. அந்தப் பல்கலைக்கழக வலையில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக் கேட்டதன் விளைவாகவே அது பிறந்தது. நான் அதில் கடவுச்சொல்லையே ஏற்காமல் நிறுத்திவிட்டேன். சாவிக்கோப்பு வைத்திருப்பவரே நுழையலாம். 'ரூட்' என்னும் சர்வாதிகாரக் கணக்கில் நேரடியாக யாரும் நுழைய முடியாது. அவரவர் தம் பெயரில் நுழைந்து, தேவைப்படும்போது மட்டும் அதிகாரத்தைக் கேட்டுப் பெற வேண்டும். யார் செய்தார் என்பது பதிவேட்டில் நிற்கும். இதில் நானே ஒருமுறை வகையாக மாட்டிக்கொண்டேன். வெளியிலிருந்து வருவதையெல்லாம் மறு என்று தீச்சுவருக்குக் கட்டளையிட்டேன், என்னை அனுமதி என்று சொல்ல மறந்துவிட்டேன். அடுத்த நொடி நானே வெளியே! ஞாயிற்றுக்கிழமை மதியம் பேருந்து ஏறிக் கல்லூரிக்கு வந்து, வாட்ச்மேன் அண்ணனை எழுப்பி, அறையைத் திறக்கச் சொல்லி, சர்வரின் முன் அமர்ந்து சரி செய்தேன். "என்ன சார், வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டீர்களா?" என்று அவர் கேட்டது மிகப் பொருத்தமாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து விதிகளை மாற்றும்போது ஏற்கெனவே திறந்திருக்கும் ஓர் இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, வேறொரு சாளரத்தில் நுழைந்து பார்த்த பின்னரே மூடுகிறேன்.

எல்லா அறிவுரைகளையும் நான் ஏற்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஸ்.எஸ்.எச். வழக்கமாகக் கேட்கும் 22 ஆம் எண் துளையை வேறு எண்ணுக்கு மாற்றிவிட்டால் காவல் முடிந்தது என்பார் உளர். சாவியை மாடத்தில் வைக்காமல் நிலைப்படியின் மேல் வைப்பது போன்றது அது. பதிவேட்டில் குப்பை குறையும், உண்மைதான். அதற்கு மேல் நான் மதிப்புத் தரமாட்டேன். கடவுச்சொல்லை முப்பது நாளுக்கு ஒருமுறை கட்டாயமாக மாற்றவைக்கும் வழக்கத்தையும் நான் எதிர்க்கிறேன். மாற்றச் சொன்னால் நம்மவர் என்ன செய்வார்கள்? கடைசி எண்ணை ஒன்று கூட்டுவார்கள், அதையும் மேசை விளிம்பில் ஒட்டி வைப்பார்கள். காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் அமைப்பே 2017 வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது. நம் அலுவலகங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

"வாசலில் பெரிய தீச்சுவர் இருக்கிறதே, உள்ளே எதற்கு இத்தனை?" என்று என் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் வாதிடுகிறார். அவருக்கு நம் நாட்டு நிகழ்ச்சிகள் இரண்டைச் சொல்வேன். 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் பணயத் தீநிரலால் முடங்கின. நோயாளிகளின் சீட்டைப் பல நாட்கள் கையால் எழுதினார்கள். ஐந்து சர்வர்களும் ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவும் பாதிக்கப்பட்டன, வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. மற்றொன்று 2019 இல் நம் கூடங்குளம். அங்கே நிர்வாகப் பணிக்கான ஒரு கணிப்பொறியில் தீநிரல் புகுந்ததை அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. ஆனால் உலையை இயக்கும் வலையமைப்பு அதனோடு தொடர்பின்றித் தனியே இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் கூறியது. வாசல் தாண்டி ஒருவன் வந்தே தீருவான் என்று எண்ணி, உள்ளறைகளைத் தனித்தனியே பூட்டியவர்களுக்கும் பூட்டாதவர்களுக்கும் உள்ள வேறுபாட்டை நண்பர் இதில் பார்க்கலாம்.

கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சர்வரின் நேரம் தவறினால் பதிவேடு பொய் சொல்லும். செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை, கணிப்பொறிகளின் நேரத்தைத் தேசியத் தகவலியல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் கடிகாரத்தோடு பொருத்தவும், பதிவேடுகளை 180 நாள் பாதுகாக்கவும், ஊடுருவல் நேர்ந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. அரசு அமைப்புகளுக்கும் இது பொருந்தும். நம் பதிவேடுகள் இப்போது வேறொரு கணிப்பொறிக்கும் உடனுக்குடன் போகின்றன. உள்ளே நுழைகிறவன் முதலில் அழிப்பது தன் காலடித் தடத்தைத்தானே?

இத்தனையும் செய்தால் யாரும் நுழையவே முடியாதா என்று கேட்டால், முடியாது என்று நான் சொல்லமாட்டேன். 2024 மார்ச் மாதம், எக்ஸ்.இஸட். என்ற சுருக்கும் நிரலின் புதிய பதிப்புகளிலேயே யாரோ கள்ளக் கதவை வைத்திருந்தது வெளிப்பட்டது. ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்னும் பொறியாளர், எஸ்.எஸ்.எச். நுழைவுக்கு வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாகிறதே என்று ஐயுற்றுத் தோண்டியதால் கண்டுபிடித்தார். எனக்கு இதில் வியப்பளிப்பது அவருடைய அறிவுகூட அன்று. வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதே. ஆகையால்தான் நம் சர்வர் சுத்தமாக இருக்கும் இந்த நாளிலேயே, என்னென்ன நிரல்கள் இருக்கின்றன, எந்தத் துளைகள் திறந்திருக்கின்றன, ஓய்வில் எவ்வளவு ஆற்றலை உண்கிறது என்றெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நாற்பது பக்க நோட்டு, நீல அட்டை. துறைத் தலைவரின் அலமாரியில் இருக்கிறது.

பத்து நாள் கேட்டேன், முதல்வர் ஏழு நாள் தந்தார். விழாவையும் ஒரு வாரம் தள்ளி வைத்தார், அதற்கு அவருக்கு நன்றி. இந்த எழுத்து அச்சுக்குப் போகும் நேரத்தில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. எடுத்து வைத்த காப்புநகலைக் கொண்டு வேறொரு கணிப்பொறியில் எல்லாவற்றையும் மீட்டெடுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இருவர் வருகிறார்கள். பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். சாவி வாட்ச்மேன் அண்ணனிடம் இருக்கும்.